மறுபடியும் கேட்க வேண்டிய குரல்கள்

கேள்வி: ‘செல்போனில் விவசாயம் பற்றிய பேச்சு, பேட்டி என்று தினமும் வந்துகொண்டே இருக்கிறது. என் மகன் அதைப் ‘பாட்காஸ்ட்’ என்கிறான். வேலை பார்த்துக்கொண்டே கேட்கிறேன். கேட்கும்போது எல்லாம் புரிகிற மாதிரிதான் இருக்கிறது. காட்டுக்குப் போனால் பாதி மறந்துவிடுகிறது. போன வருஷம் பஞ்சகவ்யா தெளித்தபோது அளவு தவறிப்போய் மரவள்ளி இலை கருகிவிட்டது. எதைக் கேட்கலாம், எதை விடலாம், எப்படிக் கேட்டால் மனதில் நிற்கும்?’

- ஒரு வாசகி, வளப்பூர் நாடு, கொல்லிமலை.

பதில்: வளப்பூர் நாட்டில் மட்டுமல்ல, செல்போன் வந்துவிட்ட எல்லா ஊர்களிலும் இருக்கும் சிக்கல் இது. முன்பு தகவல் கிடைக்காதது குறையாக இருந்தது. இப்போது தகவல் குவிந்துகிடப்பதே குறையாகிவிட்டது.

பாட்காஸ்ட் என்பது வானொலி நிகழ்ச்சி போன்ற ஓர் ஒலிப்பதிவுதான். வானொலியில் ஒலிபரப்பாகும் நேரத்தில் பெட்டிக்கு அருகில் இல்லாவிட்டால் அந்த நிகழ்ச்சி போயிற்று. பாட்காஸ்டைச் செல்போனில் இறக்கி வைத்துக்கொண்டு, வேண்டும்போது, வேண்டிய தடவை கேட்கலாம். அதன் பெரிய பலனே இதுதான். ஆனால், பெரும்பாலானவர்கள் இந்தப் பலனை எடுத்துக்கொள்வதில்லை. நாளுக்கு ஒரு புது நிகழ்ச்சியைக் கேட்கிறார்கள். நல்ல நிகழ்ச்சி ஒன்றை இரண்டாவது தடவை கேட்பதில்லை. முதல் தடவை கேட்டால் விஷயம் தெரியும். இரண்டாவது தடவை கேட்டால்தான் அளவும், நாளும், வரிசையும் தெரியும். பயிரைக் காப்பதும் கெடுப்பதும் அந்த மூன்றும்தான்.

வாசகியின் பஞ்சகவ்யாவையே எடுத்துக்கொள்ளலாம். இலைவழி தெளிக்கப் பரிந்துரைக்கப்படும் அளவு 3 சதவிகிதம். அதாவது 100 லிட்டர் தண்ணீருக்கு 3 லிட்டர். 10 லிட்டர் டேங்க் என்றால் 300 மில்லி. 16 லிட்டர் டேங்க் என்றால் 480 மில்லி. நிகழ்ச்சியில் ‘பத்து லிட்டருக்கு முந்நூறு’ என்று சொல்லியிருப்பார்கள். களை எடுத்துக்கொண்டே கேட்டவருக்கு ‘முந்நூறு’ மட்டும் நினைவில் நின்று, ‘பத்து லிட்டருக்கு’ என்பது நழுவிவிட்டால், லிட்டருக்கு 300 மில்லி ஊற்றுவார். 3 சதவிகிதம் 30 சதவிகிதம் ஆகிவிடும். சொன்னவர் மேல் தப்பில்லை, பஞ்சகவ்யா மேலும் தப்பில்லை. ஒரு தடவை மட்டும் கேட்டதுதான் தப்பு.

ரேடியோ நெல் சொல்லும் பாடம்

காதால் கேட்டு விவசாயம் செய்வது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939 மே 16 அன்று தொடங்கப்பட்டது. 1960-களில் தஞ்சாவூர் மாவட்டத்தில் தீவிர வேளாண்மைத் திட்டம் நடந்துகொண்டிருந்தது. அந்தச் சமயத்தில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் 1965-ல் ஆடுதுறை 27 என்ற நெல் ரகத்தை வெளியிட்டது. ஜப்பானிய ரகம் ஒன்றையும் நம்மூர் ரகமான ஜி.இ.பி. 24-ஐயும் ஒட்டுச்சேர்த்து உருவாக்கிய, சுமார் 105 நாளில் அறுவடைக்கு வரும் குறுவை ரகம் அது. 1966-ல் வானொலியில் பண்ணை இல்ல ஒலிபரப்புப் பிரிவுகள் தொடங்கப்பட்டபோது, திருச்சி நிலையம் இந்த ரகத்தைப் பற்றி விடாமல் பேசியது. விதை எங்கே கிடைக்கும், நாற்று எத்தனை நாளில் பறிக்க வேண்டும், எவ்வளவு உரம் வேண்டும் என்ற விவரங்கள் திரும்பத் திரும்ப ஒலிபரப்பாயின. கடைசியில் தஞ்சை விவசாயிகள் ஆடுதுறை 27 என்ற பெயரையே விட்டுவிட்டு, ‘ரேடியோ நெல்’ என்று அழைக்க ஆரம்பித்தார்கள்.

இந்தக் கதையைப் பலரும் இத்தோடு முடித்துவிடுவார்கள். இதற்கு இன்னொரு பாதியும் உண்டு. குறுகிய கால ரகம் என்பதால், அறுவடை வடகிழக்குப் பருவமழையில் மாட்டிக்கொண்டது. ஈர நெல்லைக் காயவைக்க வழியில்லாமல் விவசாயிகள் தவித்தார்கள். அந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் 1967-ல் திருவாரூரில் நெல் பதன்செய் ஆராய்ச்சி மையம் ஏற்படுத்தப்பட்டது. பிறகு அது தஞ்சாவூருக்கு மாறி, இன்று நிஃப்டெம் என்ற பெயரில் பெரிய நிறுவனமாக நிற்கிறது.

ரேடியோ நெல் இரண்டு விஷயங்களைக் காட்டுகிறது. ஒரே சேதியைப் பல தடவை கேட்டதால்தான் அந்த ரகம் ஊரெல்லாம் பரவியது. அதோடு, விதையைப் பற்றிக் கேட்டு முடித்தவுடன் ‘அறுவடை எந்த மழையில் வரும், எங்கே காயவைப்பது?’ என்ற அடுத்த கேள்வியையும் கேட்டாக வேண்டும். முதல் தடவை கேட்கும்போது அந்தக் கேள்வி எழாது. மகசூல் கணக்கிலேயே மனம் போய்விடும். இரண்டாவது தடவை கேட்கும்போதுதான், சொல்லாமல் விட்டது என்ன என்பது உறைக்கும்.

கேட்டால் போதாது, பேச வேண்டும்

1956-ல் மகாராஷ்டிராவில் யுனெஸ்கோ உதவியுடன் ஒரு சோதனை நடந்தது. புனே வானொலி நிலையம் கிராமங்களுக்காக 20 நிகழ்ச்சிகளைத் தயாரித்தது. வாரத்துக்கு 2 வீதம் 10 வாரம் அவை ஒலிபரப்பாயின. சுமார் 150 கிராமங்களில் வானொலிக் குழுக்கள் அமைக்கப்பட்டன. ஒரு குழுவுக்கு ஏறக்குறைய 20 பேர். அரை மணி நேர நிகழ்ச்சி முடிந்ததும் யாரும் எழுந்து போகக் கூடாது. கேட்டதைப் பற்றி அங்கேயே பேச வேண்டும். சந்தேகங்களை எழுதி நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். அந்தச் சந்தேகங்களுக்குப் பின்னால் வரும் நிகழ்ச்சிகளில் பதில் கிடைக்கும்.

பால் நியூரத் என்ற சமூகவியல் அறிஞர் இதை ஆராய்ந்தார். வானொலி இருந்தும் குழு இல்லாத கிராமங்களையும், வானொலியே இல்லாத கிராமங்களையும் குழு உள்ள கிராமங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். குழுவாகக் கேட்டுப் பேசிய கிராமங்களில் விஷய அறிவு மற்ற ஊர்களைவிட மிக அதிகமாகக் கூடியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் அந்தப் பலன் கிடைத்தது.

இதற்கு முன்னோடி கனடா நாட்டில் 1941-ல் தொடங்கிய பண்ணை வானொலி மன்றம். படி, கேள், பேசு, செய் என்ற நான்கு சொற்கள்தான் அந்த மன்றத்தின் கொள்கை. செல்போனும் காதுக்கருவியும் வந்த பிறகு, கேட்பது தனி ஆள் வேலையாகிவிட்டது. நடுவில் இருந்த ‘பேசு’ என்பது விடுபட்டுப்போனது. கேட்டது மறந்துபோவதற்கு இதுவும் ஒரு பெரிய காரணம்.

டிராக்டர் இல்லாதவருக்கு ஸ்பார்க் பிளக்

எதைக் கேட்பது, எதை விடுவது என்பதற்கும் கனடாவிலிருந்தே ஒரு பாடம் உண்டு. ஜார்ஜ் அட்கின்ஸ் என்பவர் அந்த நாட்டில் பல ஆண்டுகள் விவசாய நிகழ்ச்சி நடத்தியவர். 1975-ல் ஆப்பிரிக்காவின் ஜாம்பியா நாட்டில், மற்ற நாடுகளின் வானொலி அலுவலர்களோடு பேருந்தில் போய்க்கொண்டிருந்தார். பேச்சுவாக்கில், ஆப்பிரிக்க அலுவலர் ஒருவர் தன் நிலையத்தில் டிராக்டர் ஸ்பார்க் பிளக் பராமரிப்பு பற்றி நிகழ்ச்சி போட்டதாகச் சொன்னார். கேட்கும் விவசாயிகளில் எத்தனை பேரிடம் டிராக்டர் இருக்கிறது என்று விசாரித்தால், மிகச் சிலரிடம்தான். மற்றவர்களெல்லாம் மண்வெட்டி விவசாயிகள். வெளிநாட்டுப் பணக்கார விவசாயிகளுக்கு எழுதியதை அப்படியே படித்துவந்திருக்கிறார்கள். அது அட்கின்ஸ் மனதை உறுத்தியது. சிறு விவசாயிகளுக்கு ஏற்ற நிகழ்ச்சிகளைத் தயாரித்துப் பல நாட்டு நிலையங்களுக்கும் அனுப்பும் அமைப்பை 1979-ல் தொடங்கினார்.

வளப்பூர் நாட்டில் கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல், சரிவான காட்டில், மானாவாரியாக மரவள்ளியும் சாமையும் போடுகிறார்கள். சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏற்றுகிறார்கள். சமவெளியில் சொட்டுநீர் போட்டு வளர்க்கும் மரவள்ளி பற்றிய நிகழ்ச்சி கேட்க நன்றாக இருக்கலாம். ஆனால், அதில் சொல்லும் நடவு நாளும் உர அளவும் மலைக்கு அப்படியே பொருந்தாது. அது இங்கே ஸ்பார்க் பிளக் நிகழ்ச்சிதான்.

ஒரு நிகழ்ச்சி இரண்டாவது தடவை கேட்கத் தகுதியானதா என்று பார்க்க ஐந்து கேள்விகள் போதும்.

1. எந்த மண், எந்த மழை, எந்தப் பட்டம் என்று சொல்கிறார்களா?

2. அளவைத் தெளிவாகச் சொல்கிறார்களா? ‘கொஞ்சம்’, ‘தேவையான அளவு’ என்று நழுவுகிறார்களா?

3. எப்போது செய்யக் கூடாது என்றும் சொல்கிறார்களா?

4. செலவையும் நஷ்டத்தையும் சொல்கிறார்களா, லாபத்தை மட்டுமா?

5. கடைசியில் ஏதாவது ஒரு மருந்து, டானிக், விதை ஆகியவற்றின் விற்பனை எண்ணில் போய் முடிகிறதா?

முதல் நான்குக்கு ‘ஆமாம்’ என்றும், ஐந்தாவதுக்கு ‘இல்லை’ என்றும் பதில் வந்தால் அந்த நிகழ்ச்சியை அழிக்காமல் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு தடவை கேட்க வேண்டிய ஒரு கதை

மரவள்ளி விவசாயிகள் தவறாமல் இரண்டு தடவை கேட்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அது மரவள்ளி மாவுப்பூச்சி பற்றியது. தென் அமெரிக்காவிலிருந்து கிளம்பி, 1970-களில் ஆப்பிரிக்காவில் கோடிக்கணக்கான மக்களின் உணவான மரவள்ளியைச் சூறையாடிய பூச்சி இது. இந்தியாவில் 2020-ல் கேரளாவில் கண்டறியப்பட்டது. பிறகு சேலம், நாமக்கல் உள்ளிட்ட மரவள்ளி மாவட்டங்களையும் தாக்கியது.

ஆப்பிரிக்காவில் இதைக் கட்டுப்படுத்தியது மருந்து அல்ல. தென் அமெரிக்காவின் பராகுவே நாட்டில், இந்த மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு அதை அழிக்கும் ‘அனகைரஸ் லோபேசி’ என்ற சின்னஞ்சிறு குளவி 1981-ல் கண்டுபிடிக்கப்பட்டது. அதை ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுவந்து பெருக்கி விட்டார்கள். இந்த வேலைக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரன் என்ற விஞ்ஞானிக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதே குளவியைப் பெங்களூருவில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து தருவித்து, 2022 மார்ச் 7 அன்று, சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விவசாயிகள் முன்னிலையில் விட்டது.

இந்த விஷயத்தை முதல் தடவை கேட்பவர், ‘குளவி வந்து பூச்சியைத் தின்னும்’ என்ற கதையோடு திருப்தியாகிவிடுவார். இரண்டாவது தடவை கேட்கும்போதுதான் காட்டில் செய்ய வேண்டிய வேலைகள் காதில் விழும். நுனிக்கொழுந்து சுருண்டு, இலைகள் கொத்தாகக் குறுகி, கணுவிடை நெருங்கி, தண்டு கோணிக்கொண்டு போனால் இந்தப் பூச்சியாக இருக்கலாம். இது பெரும்பாலும் பூச்சி தாக்கிய காட்டிலிருந்து வெட்டிய விதைக்குச்சி மூலம்தான் ஊர்விட்டு ஊர் போகும். ஆகவே, கரணைக்கான குச்சியைச் சுத்தமான காட்டில் மட்டுமே எடுக்க வேண்டும். மாவுப்பூச்சி மேல் எறும்பு ஊர்ந்தால் அதையும் கவனிக்க வேண்டும். முக்கியமாக, குளவி விட்ட பகுதியில் கண்டபடி பூச்சிமருந்து அடிக்கக் கூடாது. மருந்து மாவுப்பூச்சியைவிட முதலில் குளவியைத்தான் கொல்லும்.

இந்தக் கடைசி வரியைத் தவறவிட்டவர் கைக்காசைச் செலவழித்து, தனக்கு உதவ வந்த பூச்சியையே அழித்துக்கொள்வார். பப்பாளி மாவுப்பூச்சியும் மரவள்ளியில் வரும் என்பதால், சந்தேகமிருந்தால் பாதித்த நுனியைக் காகிதப் பையில் போட்டுக்கொண்டு போய், தோட்டக்கலைத் துறை அலுவலரிடமோ நாமக்கல் வேளாண் அறிவியல் நிலையத்திலோ காட்டிவிட்டுத்தான் அடுத்த வேலை பார்க்க வேண்டும்.

மலையில் எப்படிக் கேட்கலாம்?

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வரும் மலையில், எல்லா இடத்திலும் ஒரே மாதிரி சிக்னல் கிடைக்காது. பாதியில் அறுந்துபோன நிகழ்ச்சி, கேட்காத நிகழ்ச்சியைவிட ஆபத்தானது. ‘இதை அடிக்கலாம்’ என்பது வரை கேட்டு, ‘பூக்கும் நேரத்தில் மட்டும் அடிக்காதீர்கள்’ என்பது விடுபட்டுப்போகலாம். அதனால் சந்தைக்கோ செம்மேட்டுக்கோ போகும்போது, சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் நிகழ்ச்சியை இறக்கி வைத்துக்கொள்வது நல்லது. திருச்சி உள்ளிட்ட வானொலி நிலையங்களின் நிகழ்ச்சிகளையும் ‘நியூஸ் ஆன் ஏர்’ செயலி மூலம் செல்போனில் கேட்க முடியும்.

கேட்கும் முறையை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதல் தடவை, வேலையோடு வேலையாகக் கேட்கலாம். இது வேண்டுமா, வேண்டாமா என்று தீர்மானிக்க மட்டும்.

இரண்டாவது தடவை, உட்கார்ந்து கேட்க வேண்டும். கையில் பள்ளிக்கூட நோட்டும் பென்சிலும் இருக்கட்டும். எழுதத் தெரியாதவர் பிள்ளைகளை எழுதச் சொல்லலாம். அளவு வரும் இடத்தில் நிறுத்தி, எழுதி, திரும்பவும் ஓடவிட்டுச் சரிபார்க்க வேண்டும். தன் வீட்டு டேங்க் எத்தனை லிட்டரோ, அதற்குக் கணக்குப் போட்டு, டேங்க் மேலேயே பெயின்டால் எழுதிவைத்தால் இன்னும் நல்லது.

மூன்றாவது தடவை, நான்கைந்து பேராகச் சேர்ந்து, ஸ்பீக்கரில் போட்டுக் கேட்கலாம். மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டம் இதற்கு ஏற்ற இடம். மாதம் ஒரே ஒரு நிகழ்ச்சி போதும். கேட்டு முடித்ததும் ஆளுக்கு ஒரு விஷயம் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒருவர் விட்டதை இன்னொருவர் பிடித்திருப்பார். புனேயில் நடந்தது இதுதான்.

வரிசை தவறக் கூடாத வேலைகளுக்கு இந்த முறை மிகவும் அவசியம். மிளகு வாடல் நோய்க்குப் பருவமழைக்கு முன்பு தெளிக்கும் 1 சதவிகித போர்டோ கலவை ஓர் உதாரணம். மயில்துத்தம் 1 கிலோவை 50 லிட்டர் தண்ணீரிலும், சுண்ணாம்பு 1 கிலோவை 50 லிட்டர் தண்ணீரிலும் தனித்தனியாகக் கரைக்க வேண்டும். மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரம் வேண்டும். இரும்பு, தகரம் கூடாது. மயில்துத்தக் கரைசலைத்தான் சுண்ணாம்புக் கரைசலில் மெதுவாக ஊற்றிக் கலக்க வேண்டும். மாற்றி ஊற்றினால் கலவை சரிவராது. பளபளப்பான கத்தியை முக்கிப் பார்த்து, அதில் செம்புநிறம் படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புக் கரைசல் சேர்க்க வேண்டும். கலக்கிய அன்றே தெளித்துவிட வேண்டும். இத்தனை படிகளையும் ஒரு தடவை கேட்டு நினைவில் வைக்க யாராலும் முடியாது. மே மாதத்தில், கலவை தயாரிப்பதற்கு முதல் நாள் இரவு அந்த நிகழ்ச்சியை மறுபடியும் கேட்பதுதான் சரி. மாசியில் கேட்டது வைகாசி வரை மனதில் நிற்காது.

வெளியூர்க் குரல் மட்டுமா?

இதுவரை சொன்னது மற்றவர்கள் பேசுவதைக் கேட்பது பற்றி. விவசாயிகளே பேசும்போது, கேட்பவர்களுக்கு அது இன்னும் ஆழமாகப் பதிகிறது.

தேனி மாவட்டத்தில், ‘விடியல்’ என்ற தொண்டு அமைப்போடு இணைந்த பெண்கள், வங்கிக் கடன் வாங்கி ஆடு வளர்த்தார்கள். காமன்வெல்த் ஆஃப் லேர்னிங் என்ற பன்னாட்டு அமைப்பின் உழவர் வாழ்நாள் கல்வித் திட்டத்தில், அவர்களுக்கு ஆடு வளர்ப்பு பற்றிய குரல் செய்திகள் செல்போனில் அனுப்பப்பட்டன. ஆடு மேய்த்துக்கொண்டே பாடம் கேட்டார்கள். வகுப்புக்குப் போக நேரமில்லாத, அதிகம் படிக்காத பெண்களுக்குச் சிறு சிறு குரல் செய்திகளே பள்ளிக்கூடம் ஆயின.

தெலங்கானாவில், ஜஹீராபாத் அருகே மச்னூர் என்ற சிறிய ஊரில், 2008 அக்டோபர் 15 அன்று ‘சங்கம் ரேடியோ’ என்ற சமுதாய வானொலி தொடங்கியது. நரசம்மா என்ற ஒரே பெயர் கொண்ட இரண்டு பெண்கள் அதை முன்னின்று நடத்தினார்கள். இருவரும் தலித் விவசாயக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். சுற்றுப்பட்டு ஊர்களுக்குப் போய், விதை காப்பது, சிறுதானியம் பயிரிடுவது, வீட்டு வைத்தியம் என்று ஊர்ப் பெண்கள் சொல்வதை அவர்கள் பேச்சிலேயே பதிவு செய்து ஒலிபரப்பினார்கள். அங்கே பேசிய பெண்கள் யாரும் பட்டம் வாங்கியவர்கள் அல்ல. சோளமும் தினையும் அவர்களுக்குத் தெரியும். அது போதுமானதாக இருந்தது.

கொல்லிமலைக்கு இது மிக நெருக்கமான விஷயம். ஒரு காலத்தில் மலை முழுக்கச் சாமை, கேழ்வரகு, தினை என்று விளைந்த காடுகளில், ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் மரவள்ளி நிறைந்துவிட்டது. கைக்குப் பணம் வருகிறது என்பது உண்மை. ஆனால், அதோடு சேர்ந்து பல ரகங்கள் காட்டைவிட்டுப் போய்க்கொண்டிருக்கின்றன. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இந்த மலையில் விவசாயிகளோடு சேர்ந்து சிறுதானிய விதைகளைக் காத்துவருகிறது. விதை வங்கி, உமி நீக்கும் மில் என்று பல முயற்சிகள் நடந்தன. அப்படிக் கணக்கெடுக்கப்பட்ட சாமையில் மட்டும் வெள்ளப்பெருஞ்சாமை, மல்லியச்சாமை, சடஞ்சாமை, கட்டவெட்டிச்சாமை, திரிகுலசாமை என்று பல ரகங்கள் உண்டு.

விதையை வங்கியில் வைத்துவிடலாம். அந்த விதையோடு கூடிய அறிவை எங்கே வைப்பது? எந்த ரகம் மேட்டுக்காட்டில் தாங்கும், எது மழைக்கு முந்தி வரும், எந்தக் கதிரை விதைக்கு ஒதுக்க வேண்டும், எந்த இலை போட்டு வைத்தால் வண்டு வராது, எது சோற்றுக்கு ருசி, எந்த வைக்கோலை மாடு விரும்பும் என்பதெல்லாம் எழுபது, எண்பது வயதுப் பாட்டிகளின் தலையில் இருக்கிறது. ஒரு பாட்டி போனால், அவரோடு ஒரு நிகழ்ச்சித் தொடரே போய்விடுகிறது. வளப்பூர் நாட்டில் இரண்டு தடவை கேட்க வேண்டிய முதல் பாட்காஸ்ட் இன்னும் பதிவாகவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

அதைப் பதிவு செய்ய ஸ்டூடியோ தேவையில்லை. எல்லாச் செல்போனிலும் குரல் பதிவு வசதி இருக்கிறது. வாசகியின் மகனுக்கு அது தெரிந்தேயிருக்கும். காற்றடிக்காத திண்ணையில் உட்கார்ந்து, ஒரு ரகத்துக்கு 10 நிமிடம் என்ற அளவில், பாட்டியைப் பேசச் சொல்லிப் பதிவு செய்யலாம். ஆரம்பத்திலேயே ஊர்ப் பெயர், நாள், பேசுபவர் பெயர் மூன்றையும் சொல்லிவிட வேண்டும். முன்கூட்டியே அவர் சம்மதத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பதிவை இரண்டு மெமரி கார்டுகளில், இரண்டு வீடுகளில் வைப்பது பாதுகாப்பு. அந்த ரக விதையில் ஒரு படியும் கூடவே இருந்தால், பதிவுக்கு உயிர் இருக்கும்.

இதில் உரிமையும் அடங்கியிருக்கிறது. 2001-ல் வந்த பயிர் ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், விவசாயிகள் காத்துவரும் ரகங்களை அவர்கள் பெயரிலேயே பதிவு செய்ய வழி செய்கிறது. 2002-ன் பல்லுயிர்ச் சட்டப்படி, ஊராட்சி அளவில் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். அந்த வேலை நடக்கும்போது, இந்தக் குரல் பதிவுகள் நல்ல ஆதாரமாக இருக்கும். ஒரு எச்சரிக்கையும் வேண்டும். மூலிகை மருந்து விவரங்களை யோசிக்காமல் எல்லா வாட்ஸ்அப் குழுக்களுக்கும் அனுப்பிவிடக் கூடாது. அது ஊரின் சொத்து. யாரிடம் கொடுப்பது என்பதை ஊர் கூடித்தான் தீர்மானிக்க வேண்டும்.

இதே விஷயத்தில் இன்னும் இரண்டு கேள்விகள்

கேள்வி: ஒரே பயிருக்கு இரண்டு நிகழ்ச்சிகளில் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். எதை நம்புவது?

பதில்: இரண்டும் சரியாகவே இருக்கலாம்; மண்ணும் பட்டமும் வேறாக இருக்கும். முதலில், எந்த ஊர் விவசாயி பேசுகிறார் என்று கவனிக்க வேண்டும். பிறகு, கிசான் கால் சென்டரின் 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணில், காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை, தமிழிலேயே சந்தேகம் கேட்கலாம். அதன்பிறகும் முழுக் காட்டிலும் செய்துவிடாமல், முதலில் நான்கைந்து வரிசையில் மட்டும் செய்துபார்ப்பது நல்லது. கெட்டால் வரிசை கெடும்; காடு கெடாது.

கேள்வி: வீட்டில் ஒரே ஒரு செல்போன். அதுவும் கணவர் கையில். பெண்கள் எப்படிக் கேட்பது?

பதில்: களை எடுப்பதும், விதை ஒதுக்குவதும், ஆடு மாடு பார்ப்பதும் பெரும்பாலும் பெண்கள். கேட்கும் கருவி மட்டும் ஆண்கள் பையில் இருந்தால், சேதி வேலை செய்பவரிடம் போய்ச் சேராது. குழுவில் ஒருவர் செல்போனில் நிகழ்ச்சியை இறக்கி வைத்தால், கூட்டத்தில் எல்லோரும் சேர்ந்து கேட்கலாம். மெமரி கார்டு போடும் சிறிய ஸ்பீக்கர் பெட்டி ஒன்றைக் குழுப் பணத்தில் வாங்கிக்கொண்டால், அதற்குச் சிக்னலும் வேண்டாம், யார் அனுமதியும் வேண்டாம்.

வளப்பூர் நாட்டு வாசகி இனி நாளுக்கொரு நிகழ்ச்சி கேட்க வேண்டியதில்லை. மாதம் ஒன்று போதும். அதை மூன்று தடவை கேட்டு, டேங்கில் அளவை எழுதிவிட்டுத் தெளித்தால், இந்த முறை மரவள்ளி இலை கருகாது.